தூண் எண்ணுகிறவர் வீட்டுக்காரி

என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. பாதித் தலை நரைத்துவிட்டது. கொச்சி கார்ப்பரேஷனில் லாரி ஓட்டுகிறார், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் நாலு பேர் அவரைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். இந்த மனிதர் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் செல்போனை எடுத்து, முகம் தெரியாத காலேஜ் பையன்களோடு ரோலர் கோஸ்டர் தூணைப் பற்றிச் சண்டை போடுகிறார் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? குடிக்கிறார் என்றால் பாவம் என்று சொல்ல ஆள் இருக்கும். தூண் எண்ணுகிறார் என்றால் சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சண்டை நடக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அவரைச் சேர்த்துவிட்டவன் எங்கள் மகன். அவன் துபாயில் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்பனுக்கும் மகனுக்கும் ராட்டினப் பைத்தியம். எர்ணாகுளத்தில் எந்த எக்ஸிபிஷன் போட்டாலும் இரண்டு பேரும் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, வாந்தி வருகிற முகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். இடப்பள்ளி தாண்டி ஹைவேயில் வெகுதூரம் போய் உள்ளே திரும்பினால் ஒரு பெரிய நிலம். அங்கே புதிதாக ஒரு தீம் பார்க் கட்டப்போகிறார்கள், பெரிய ரோலர் கோஸ்டர் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் மகன்தான் இந்த வாட்ஸ்அப் குரூப்பைக் கண்டுபிடித்து அப்பனைச் சேர்த்தான். அப்புறம் அப்பன் போடுகிற சண்டை தாங்காமல் மகன் வெளியே போய்விட்டான். அவர் அங்கேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குரூப்பின் மொத்த வேலையும், பார்க் எப்போது முடியும் என்று அடித்துக்கொள்வதுதான். அதில் இரண்டு கட்சி. ஒன்று அவசரக்காரர் கட்சி, ஆமை வேகத்தில் வேலை நடக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்று கத்துகிறவர்கள். இன்னொன்று பொறுமைசாலிகள் கட்சி, கான்கிரீட் காய வேண்டாமா, மழை விட வேண்டாமா என்று கேட்கிறவர்கள். துபாயில் எத்தனை மாதத்தில் முடித்தான், மெட்ரோ தூண் இதைவிடச் சீக்கிரம் எழும்பியதே எப்படி, போன வாரம் நின்ற கிரேன் இந்த வாரம் ஏன் தலையைத் திருப்பி நிற்கிறது, எல்லாவற்றுக்கும் வாதம். தண்டவாளத் துண்டை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் வருகிறது என்று யாராவது போட்டுவிட்டால் வைட்டிலா ஜங்ஷனில் போய்க் கல்யாண ஊர்வலம் பார்க்கிற மாதிரி காத்து நிற்பார்கள்.

என் ஆள் அவசரக்காரர்களுக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போவார். பார்க்குக்கு எதிரே ஒரு பர்னிச்சர் கடை இருக்கிறது. அதன் மாடிப்படியில் ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி போட்டோ எடுப்பார். கடைக்காரன் இவர் என்றைக்காவது ஒரு கட்டில் வாங்குவார் என்று நம்பி சாயா வேறு கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து போன வாரத்துப் போட்டோவையும் இந்த வாரத்துப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தூண் கூடியிருக்கிறது என்று வட்டம் போட்டு அனுப்புவார். எனக்கு மீன் நறுக்க உட்கார்ந்து தராத மனுஷன், அந்த வட்டம் போட மட்டும் ஒரு மணிநேரம் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. திருப்பூணித்துறாவில் இருக்கிற ஒரு ரிட்டயரான வாத்தியார், எல்லாரும் மாஷ் என்று கூப்பிடுவார்கள். பொறுமைசாலிகளின் தலைவர். அவர் ஒருபோதும் கோபப்பட மாட்டார், அதுதான் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. ஓணத்துக்கு முன்னால் டிரையல் ஓடும் என்று இவர் குரூப்பில் சவால் விட்டிருந்தார். ஓணம் வந்தது, இலை போட்டு ஓண விருந்து சாப்பிட்டோம், ஓணம் போனது. பாதித் தூண்கூட நிற்கவில்லை. மாஷ் ஒரே ஒரு வரி போட்டார்: பைய்யத் தின்னால் பனையும் தின்னாம். மெதுவாகத் தின்றால் பனைமரத்தையே தின்றுவிடலாம் என்று அர்த்தம். அதுக்குக் கீழே குரூப்பே சிரித்த பொம்மையாகப் போட்டுத் தள்ளியது. இவர் அன்றைக்கு இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. கட்டின பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒழுங்காகச் சாப்பிட்ட மனுஷன்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறேன். ரூம் சுத்தம் பண்ணுவது, படுக்கை மாற்றுவது, குளியலறை கழுவுவது, வெளிநாட்டுக்காரன் வந்தால் சிரிப்பது. எனக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். நான் பிறந்தது செங்கோட்டை, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வாயைத் திறந்ததும் எனக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு. "அக்கா, நீங்க தமிழ் பேசுதீங்களா மலையாளம் பேசுதீங்களா?" என்று கேட்பாள். நான் பரவாயில்லை என்பதற்குக் கொழப்பமில்ல என்பேன், சும்மா என்பதற்கு வெறுதே என்பேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முப்பதுகூட ஆகாத பெண். வேலையில் கெட்டி. படுக்கை விரிப்பை உதறினால் ஒரே உதறலில் நாலு மூலையும் போய் உட்காரும்.

இரண்டு பேராகப் படுக்கை விரிக்கும்போதுதான் பேச்சு வரும். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் வெள்ளை விரிப்பு. அப்படித்தான் ஒருநாள் தெரிந்தது, அவள் புருஷன் வேலை பார்ப்பது அந்தப் பார்க்கில். வெறும் வேலை இல்லை. இரும்புத் தூண் நிறுத்துகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. ஊரிலிருந்து தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறான். கை ஆளாக, கம்பி தூக்குகிறவனாக ஆரம்பித்து, தனக்குக் கீழே ஒரு கூட்டம் சேருகிற நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கழுத்து நிமிர்ந்துகொள்ளும்.

என் வீட்டில் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவள் புருஷன் நிறுத்துகிற தூணை எண்ணி வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். இதை இவளிடம் சொன்னால் சிரிப்பாள். இவளைப் பற்றி அவரிடம் சொன்னால் நாய் எலும்பைக் கண்ட கதைதான், அந்தப் பெண்ணை விடவே மாட்டார். ஆகவே இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான், அதுவும் நிலைக்கவில்லை.

புரட்டாசியில் அவள் ஊரில் கோயில் கொடை, அம்மனுக்குத் திருவிழா. கொடை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்கு ஊரில் ஆண்பிள்ளை நிற்க வேண்டும். நேர்ச்சை இருக்கும், தீச்சட்டி எடுக்க வேண்டும், வராதவன் வீட்டை அடுத்த வருஷம் வரை பேசியே கொல்வார்கள். கூட்டம் மொத்தமும் லீவு கேட்டது. கம்பெனியில் கேட்டால் கிடைக்காது. மேஸ்திரி லீவு கிடையாது என்று சொன்னால் சொல்லாமல் போவார்கள், போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். சைட் எஞ்சினியரும் அந்தச் சமயம் பார்த்துத் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தான். மேஸ்திரி துணிந்து எல்லாரையும் அனுப்பிவிட்டான். வந்ததும் விட்டதை இரட்டையாகப் பிடித்துக் கொடுப்போம் என்று அம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினான். தான் போகவில்லை. இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிரைண்டரை ஓடவிட்டு, இரும்பில் இரும்பைத் தட்டி, ஆபீஸ் பக்கம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"மூணு ஆளை வச்சுக்கிட்டு முப்பது ஆள் சத்தம் போடுதாரு அக்கா" என்று அவள் சிரித்துச் சிரித்து விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் முகம் மாறியது. "வெளிய தெரிஞ்சா அவரை அனுப்பிருவாக. திரும்பவும் இன்னொருத்தன்கிட்ட கை ஆளாப் போவணும்" என்றாள். நான் என்ன சொன்னேன்? எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், நீ கவலைப்படாதே என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அதே வாரம் ஒரு சாயங்காலம். நான் வேலை முடிந்து வந்து சாயா போட்டுக்கொண்டிருந்தேன். இவர் போனை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு எடுத்த போட்டோவுக்கும் அதற்கு முந்தின ஞாயிறு எடுத்த போட்டோவுக்கும் வித்தியாசமே இல்லை, ஒரு தூண்கூடக் கூடவில்லை, வேலை நின்றுவிட்டது என்று இவர் போட்டிருக்கிறார். மாஷ் நிதானமாகப் பதில் போட்டிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் அந்த வழியாகப் போனார், உள்ளே நல்ல சத்தம் கேட்கிறதாம், மும்முரமாக வேலை நடக்கிறதாம், போட்டோவில் தெரியாத வேலையும் உண்டு சேட்டா என்று. குரூப் மறுபடியும் சிரித்தது.

நான் சாயாவை வைத்துவிட்டு, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு இல்லையா என்று கேட்டேன். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது, ஊரான் கட்டுகிற தூணுக்கு நீங்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ வெறுதே இரி. பாத்ரூம் கழுவுறவளுக்கு இதுல என்னா தெரியும்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ சொல்லியிருக்கிறார். அது மட்டும் சுருக்கென்று தைத்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கா தெரியாது, உங்களுக்கும் உங்கள் மாஷுக்கும் சேர்த்துக் காது குத்திக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே இருப்பதே மூன்று பேர், மற்றவன் எல்லாம் கொடைக்குப் போயாச்சு, சத்தத்துக்கு கிரைண்டர் ஓடுகிறது என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். எப்படித் தெரியும் என்றார். மேஸ்திரி பெண்டாட்டி என்னோடுதான் பாத்ரூம் கழுவுகிறாள் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா? ஜெயித்த குளிர்ச்சி. அவர் சாயா டம்ளரை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

சொன்ன மறு நிமிஷமே எனக்கு உறைத்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது, அந்தப் பையன் பிழைப்பு போய்விடும் என்று கெஞ்சினேன். மகன் மேல் சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றார். காலையில் டூட்டிக்குப் போகிற வரைக்கும் சொல்லவில்லைதான். மத்தியானம் மாஷ் மறுபடியும் என்னவோ ஒரு பழமொழி போட்டிருக்கிறார். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நம்பகமான இடத்திலிருந்து வந்த தகவல் என்று ஆரம்பித்து, கொடை, கிரைண்டர், மூன்று ஆள், ஒன்று விடாமல். நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே.

சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் படித்தேன். மலையாளம் எனக்கு நன்றாகவே படிக்க வரும். அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம். குரூப்பே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் எழுதியிருந்தான், பாண்டிகளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று. தமிழனை இங்கே இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை அது. இவரைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டதற்காக ஒருத்தன் பல்லை உடைத்தவர் இவர், பெருமையாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வரிக்குக் கீழே இவர் சிரித்த பொம்மை போட்டிருந்தார். இவர் தமிழர் என்று குரூப்பில் யாருக்கும் தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

இத்தோடு விட்டார்களா? இந்த ஊரில் ரோட்டில் குழி விழுந்து யாரும் வந்து மூடாவிட்டால் ஜனங்கள் அந்தக் குழியில் ஒரு வாழைக்கன்றை நட்டுவிடுவார்கள். பார்க்கிறவன் சிரிப்பான், பேப்பரில் படம் வரும், அதிகாரிக்கு மானம் போய் மறுநாளே ஆள் வரும். குரூப்பில் அவசரக்காரர்கள் சேர்ந்து அந்த வார ஞாயிற்றுக்கிழமை பார்க் கேட்டுக்கு முன்னால் போய் ஒரு வாழைக்கன்றை நட்டு, அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஞாயிறு என்றால் வழக்கமான போட்டோவுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேட்டதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னார்.

திங்கட்கிழமை மாடி ரூமில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் தன் போனை நீட்டி, இதைப் பாருங்கள் அக்கா என்றாள். நாலைந்து பையன்கள் வாழைக்கன்றைச் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். வீடியோ எடுக்கிறவன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. உள்ளே கொடை நடக்கிறது, வெளியே குலை வெட்டலாம் வாருங்கள் என்று மலையாளத்தில் அந்தக் குரல் கிண்டல் பண்ணுகிறது. முப்பது வருஷமாகச் சோறு போடு என்று என்னைக் கூப்பிடுகிற குரல் எனக்குத் தெரியாதா? தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். யார் இவர்கள் என்று அவளிடம் கேட்டேன். கேட்டேனே, என் வாயால் கேட்டேனே. தெரியவில்லை அக்கா என்று சொல்லிவிட்டு அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீடியோ பார்க் முதலாளி வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாளே எர்ணாகுளத்து ஆபீஸிலிருந்து கார் வந்து இறங்கியது. ஊரிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள், சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள், ஆனால் வந்த இடத்தில் மேஸ்திரி இல்லை. அவனை மட்டும் அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தை வேறொரு மேஸ்திரிக்குக் கீழே போட்டார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டார்கள். இவன் இடப்பள்ளியில் ஏதோ ஒரு கட்டடத்தில் இன்னொருவனுக்குக் கீழே கை ஆளாகச் சேர்ந்தான். அவள் எதற்குப் பயந்தாளோ அச்சு அசலாக அதுவே நடந்தது.

நான் வீட்டில் ஆடின ஆட்டம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் முதலில், நான் உள்ளதைத்தானே சொன்னேன், பொய்யா சொன்னேன் என்றார். அப்புறம், அவனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நானா சொன்னேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவர் மெதுவாகத்தான் சொன்னார், "எங்கிட்ட சொன்னது நீதானே" என்று. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

மாஷ் இவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் தோற்றேன் சேட்டா என்று எழுதி, அதற்குக் கீழே, அந்த வேலைக்காரன் கதி என்ன ஆனது என்று ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தார். இவர் அதற்குப் பதில் போடவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தாலும் வைப்பின் தீவுப் பக்கம் மீன் வாங்கப் போய்விட்டு வந்துவிடுவார். புது மேஸ்திரி வந்ததும் தூண் எப்படிக் கிடுகிடுவென்று ஏறுகிறது பார் என்று குரூப்பில் கொண்டாடினார்கள். ஏறாமல் என்ன செய்யும்? அதே ஆட்கள்தானே, இரட்டையாகப் பிடித்துக் கொடுப்போம் என்று அம்மன் மேல் சத்தியம் பண்ணிவிட்டுப் போனவர்கள்தானே.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். முடிந்தது என்றால், சமையல். வாரத்தில் பாதி நாள் அவளுக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன். கப்பைக்கிழங்கு அவித்துக் கொண்டுபோனேன். குளியலறை எல்லாவற்றையும் நானே கழுவி, அவளைத் துணி மடிக்க வைத்தேன். என் சேலையில் நல்லதாக ஒன்றை, எனக்கு நிறம் பொருந்தவில்லை என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லா இருந்துச்சு அக்கா என்று சொல்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து தருவாள். ஒன்றே ஒன்றுதான், இந்த விஷயத்தை யார் வெளியே சொல்லியிருப்பார்கள் என்று அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. வெள்ளந்தியான பெண், சூது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

பார்க் ஒருவழியாக முடிந்தது. திறப்பதற்கு முன்னால் டிரையல் பார்க்க குரூப்பில் சிலரைக் கூப்பிட்டார்கள். இவரையும் கூப்பிட்டார்கள், வீட்டுக்காரியோடு வரலாம் என்று. எத்தனை வருஷக் காத்திருப்பு. நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை வற்புறுத்தவும் இல்லை. போகலாமா வேண்டாமா என்று கடைசி வரைக்கும் யோசித்துவிட்டு, தனியாகப் போனார்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே வந்து சமையலறைப் படியில் உட்கார்ந்தார். ஏறினேன், எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றார். "தூணெல்லாம் ஒரு ஆட்டமும் இல்ல. நல்லாத்தான் நிறுத்திருக்கான் அந்தப் பையன்" என்றார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. போன இடத்தில் வெட்கம் மட்டும்தான் மிச்சம் கிடந்தது, அதில் பாதி என்னுடையது.

மறுநாள் காலை நான் முடிவு பண்ணிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். மாடி ரூமில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். விரிப்பை உதறி இறக்கியதும் சொன்னேன். வீடியோவில் பேசியது என் வீட்டுக்காரர், அவரிடம் சொன்னது நான், ரோஷத்தில் வாய் தவறிவிட்டது, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று. அவள் மூலையை மெத்தைக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. செருகி முடித்து, கையால் நீவிவிட்டாள்.

"தெரியும்க்கா. நான் உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்" என்றாள்.

விரித்த படுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஏன்டி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, செருப்பால் அடித்திருக்கலாமே, நான் கொண்டுவந்த குழம்பையெல்லாம் எப்படிச் சாப்பிட்டாய் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு உங்களக் கேக்க? அவரு எங்கிட்ட சொன்னத நான்தான மொதல்ல உங்ககிட்ட சொன்னேன்."

அதற்கப்புறம் அவள் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கு வரைக்கும் செரிக்க முடியவில்லை. யாரிடமாவது சொன்னாயா என்று மேஸ்திரி அவளைக் கேட்டிருக்கிறான். யாரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவனும் நம்பினான். கிரைண்டரை ஓடவிட்ட கதை ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியாது, அப்படியானால் கூட இருந்த இரண்டு பேரில் ஒருவன்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒருவன் வாய் பேசாதவன். மிச்சம் இருப்பது இவனுடைய சித்தப்பா மகன், சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன், இவனே வேலை கற்றுக்கொடுத்து இங்கே கூட்டிவந்த பையன். அவனைத் தெருவில் வைத்து அடித்திருக்கிறான். அவன் சத்தியம் பண்ணியும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஊரில் பேச்சு வார்த்தை அற்றுப்போய்விட்டது. அவன் தங்கை கல்யாணத்துக்கு இவர்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடு என்றேன். சொன்னால் என்னை விட்டுவிடுவார் அக்கா என்றாள். நான் வந்து சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்பாரே என்றாள். இரண்டு பேரும் அடுத்த ரூமுக்குப் போய் அடுத்த படுக்கையை விரித்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் அவளைக் கூட்டிப்போக வந்தான். அதற்கு முன்னால் அவனைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். சட்டையெல்லாம் சிமென்ட், இளைத்த உடம்பு. என்னைப் பார்த்ததும் பைக்கிலிருந்து இறங்கி நின்றான்.

"ஒங்க கொழம்ப நானும் தெனம் சாப்பிடுதேன் அக்கா. சொந்த ரத்தமே காட்டிக்குடுத்துருச்சு. இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் எங்களுக்குன்னு இருக்கீக" என்றான்.

அவள் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி, பார்த்துப் போங்கள் என்றேன்.